கிளட்ச் போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

விடியற்காலை 5 மணி. அடுகோடியில் ஒரு குறுகலான சந்து. தெரு விளக்கு இன்னும் அணையவில்லை. ஒரு வீட்டு வாசலில் பழைய மாருதி 800 கார் நிற்கிறது. வெள்ளை நிறம். அங்கங்கே துரு. பின் சீட்டில் இட்லிப் பாத்திரங்கள் ஏறுகின்றன. சாம்பார்த் தூக்கு ஏறுகிறது. சட்னி வாளி ஏறுகிறது. கணவர் வண்டியை எடுக்கிறார். மனைவி பக்கத்தில் உட்காருகிறார். ஓர் அலுவலகத்தின் வாசலுக்கு 7 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். போனால்தான் வியாபாரம்.

இப்படி ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். பெங்களூரில் இப்படிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. இவர்களுக்குக் கார் சொகுசுக்கு அல்ல. கார் நின்றால் அடுப்பும் நிற்கும்.

ஒருநாள் மேம்பாலத்தில் ஏறும்போது கார் திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறியது. ஆனால் வண்டி வேகம் எடுக்கவில்லை. எதோ கருகுவது போல ஒரு நாற்றம். இட்லி வியாபாரத்தை எப்படியோ முடித்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினார்கள்.

மெக்கானிக் பெடலை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

"கிளட்ச் போச்சு. செட்டா மாத்தணும். வண்டிய விட்டுட்டுப் போங்க."

"செட்டுன்னா என்னென்ன வரும்ணா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? நான் பாத்துக்கறேன்."

ஆயிரக்கணக்கில் செலவு. இரண்டு நாள் வியாபாரமும் போகும். போனது எது என்றாவது தெரிய வேண்டாமா? கேட்பது அவர் உரிமை. கேட்பதற்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிளட்ச் எதற்கு?

மாட்டு வண்டியைப் பாருங்கள். வண்டி நிற்க வேண்டும் என்றால் மாடு நிற்கும். மாடு நடந்தால் வண்டி நகரும். கார் எஞ்சின் அப்படி அல்ல. எஞ்சின் ஒருமுறை நின்றால் தானாகக் கிளம்பாது. கார் சும்மா நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 800, 900 சுற்றுகூட ஓடும். ஆனால் சிக்னலில் சக்கரம் நிற்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும், சக்கரம் நிற்க வேண்டும். இது எப்படி முடியும்?

இரண்டுக்கும் நடுவே உள்ள பிடிப்பை விட வேண்டும். மறுபடி கிளம்பும்போது மெல்லப் பிடிக்க வேண்டும். பிடிக்கவும் விடவும் உள்ள பொருள்தான் கிளட்ச்.

உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு ரொட்டியை வைத்து அழுத்துங்கள். கையைத் திருப்பினால் ரொட்டியும் திரும்பும். கையைத் தளர்த்துங்கள். இப்போது கை திரும்பும், ரொட்டி திரும்பாது. கிளட்சும் இவ்வளவுதான்.

ஒரு கை என்பது பிளைவீல். அது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம். இன்னொரு கை என்பது பிரஷர் பிளேட். அதில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. நடுவில் உள்ள ரொட்டிதான் கிளட்ச் பிளேட். டிபன் தட்டு போல வட்டமாக இருக்கும். அதன் இரண்டு பக்கமும் சொரசொரப்பான பொருள் ஒட்டியோ ரிவிட் அடித்தோ இருக்கும். மெக்கானிக்குகள் அதை லைனிங் என்பார்கள். கிளட்ச் பிளேட் சுற்றினால் கியர் பாக்ஸ் சுற்றும். கியர் பாக்ஸ் சுற்றினால் சக்கரம் சுற்றும்.

இனி பெடலுக்கு வருவோம். மாருதி 800 காரில் கிளட்ச் பெடலில் ஒரு கம்பி மாட்டியிருக்கும். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, ஆனால் தடியானது. அதுதான் கிளட்ச் கேபிள். பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும். மறுமுனையில் கியர் பாக்ஸ் மேல் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அது திரும்பும். உள்ளே ஒரு பேரிங்கைத் தள்ளும். அதன் பெயர் ரிலீஸ் பேரிங். அந்தப் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அமுக்கும். பிடி தளரும். காலை எடுத்தால் ஸ்பிரிங் மறுபடி இறுக்கிப் பிடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் மிதிக்கும்போது கிளட்ச் பிடிப்பதில்லை, விடுகிறது. காலை எடுத்தால்தான் பிடிக்கிறது. இது பலருக்குத் தலைகீழாகவே மனதில் பதிந்திருக்கிறது.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம்

மாருதி 800 முதன்முதலில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் குர்கான் என்ற ஊரில் தொழிற்சாலை. ஜப்பானின் சுசுகி கம்பெனி கூட்டு. 3 சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். அதுவரை ஸ்கூட்டரில் நாலு பேராகப் போன குடும்பங்கள் இந்தக் காரில் ஏறின. 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2010 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையானது. அப்போது பெங்களூர், சென்னை உள்பட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

ஆகவே பெங்களூர்த் தெருக்களில் இன்று ஓடும் மாருதி 800 கார்கள் எல்லாமே வயதானவை. சொந்த உபயோகக் காருக்கு 15 ஆண்டுகள் முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டுகள் செல்லும். வயதான வண்டியை வைத்திருப்பவர் அதன் பழுதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வசதியும் அதில்தான் இருக்கிறது. இந்தக் காரில் கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் கிளட்ச் கிடையாது. கேபிள், நெம்புகோல், ஒரு நட்டு. கண்ணால் பார்க்கலாம். கையால் தொட்டுப் பார்க்கலாம்.

பெடலில் ஓர் இடைவெளி

காரை நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். கிளட்ச் பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் மெல்ல அமுக்குங்கள்.

முதலில் கொஞ்ச தூரம் பெடல் லேசாகப் போகும். பிறகு ஓர் இடத்தில் 'கனம்' தெரியும். லேசாகப் போகும் அந்தத் தூரத்துக்கு 'ஃப்ரீ பிளே' என்று மெக்கானிக்குகள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு விரல் அகலம் முதல் இரண்டு விரல் அகலம் வரை, அதாவது ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் காருக்கு உரிய சரியான அளவு காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று போதும், அளந்துவிடலாம்.

இந்த இடைவெளி எதற்கு? பெடலை மிதிக்காதபோது ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். அதற்குத்தான்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கேபிள் நாளாக நாளாக நீளும், அதனால் இடைவெளி கூடும் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் நீளும், உண்மைதான். ஆனால் வேறொன்றும் நடக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்து மெலிகிறது. பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட் முன்னால் நகரும். அதன் ஸ்பிரிங் விரல்கள் பின்னால் வந்து பேரிங்கை நெருங்கும். அப்போது பெடலில் இருந்த இடைவெளி குறையும். குறைந்து குறைந்து ஒருநாள் இல்லாமலே போகும்.

இடைவெளி போனால் என்ன ஆகும்? நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள். ஆனால் கேபிள் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பேரிங் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒருவர் எப்போதும் பெடலில் லேசாகக் கால் வைத்திருப்பது போல! கிளட்ச் முழுப் பிடி பிடிக்காது. வழுக்கும். வழுக்கினால் உராயும். உராய்ந்தால் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாகத் தேயும். இன்னும் தேய்ந்தால் இன்னும் வழுக்கும். மேம்பாலத்தில் வந்த கருகல் நாற்றம் இதுதான்.

சரி செய்ய வேண்டியது ஒரு நட்டு. கேபிளின் கியர் பாக்ஸ் பக்க முனையில், நெம்புகோல் மாட்டியிருக்கும் இடத்தில் மரை இருக்கிறது. அதில் உள்ள நட்டைத் தளர்த்தினால் பெடலில் இடைவெளி கூடும். இறுக்கினால் குறையும். பானட்டைத் திறந்து மெக்கானிக் ஸ்பேனர் போட்டால் பத்து நிமிட வேலை. மாதம் ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தால் போதும். இதற்கு மெக்கானிக்கூட வேண்டாம்.

நாமே பார்க்கும் சோதனைகள்

'கிளட்ச் போச்சு' என்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல் என்றால் பல காரணம் இருப்பது போல இதற்கும் உண்டு.

முதலில் வழுக்கல். இதைப் பார்க்க மேடு பள்ளம் இல்லாத காலி இடம் வேண்டும். முன்னால் ஆள், சுவர், வண்டி எதுவும் இருக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். எஞ்சினை ஓட விட்டு, பெடலை மிதித்து, நாலாவது கியர் போடுங்கள். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் குலுங்கி அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். பெடலை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே நிறுத்திவிடுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டை எரித்துவிடும்.

வழுக்குகிறது என்று தெரிந்ததும் பிளேட்டை மாற்ற ஓடக் கூடாது. முதலில் பெடலில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் நட்டைச் சரி செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கும்.

அடுத்தது இதற்கு நேர் எதிரான கோளாறு. கிளட்ச் பிடியை விட மறுப்பது. பெடலை முழுதாக மிதித்து மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். 'கர்ர்ர்' என்று பல் உரசும் சத்தம் வந்தால் பிளேட் முழுதாக விடுபடவில்லை. இடைவெளி அளவுக்கு மேல் இருக்கலாம். கேபிள் நைந்து நீண்டிருக்கலாம். இதைக் கவனிக்காமல் கியரை அடித்து அடித்துப் போட்டால் கியர் பாக்ஸும் கெடும். அது பெரிய செலவு.

மூன்றாவது, சத்தம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓட விடுங்கள். ரேடியோவை அணையுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெடலை மிதித்தவுடன் 'கீச்' என்றோ 'கர கர' என்றோ சத்தம் வருகிறதா? அப்படியானால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். சத்தம் முன்பே இருந்து, பெடலை மிதித்தால் நின்றுபோகிறதா? அப்போது கிளட்சை விட்டுவிட்டுக் கியர் பாக்ஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு, பில்லும் வேறு.

கிளம்பும்போது கார் 'தட தட' என்று உதறினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஆனால் பழைய கார்களில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் துண்டுகள் நைந்திருந்தாலும் இதே உதறல் வரும். அவற்றுக்கு எஞ்சின் மவுண்டிங் என்று பெயர். கிளட்சைப் பிரிப்பதற்கு முன் இந்த ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே இருந்தே பார்த்துவிடலாம்.

கேபிள்

கேபிள் ஒரு தனிக் கதை. பிளேட் மெல்லத்தான் தேயும். நமக்கு அவகாசம் கொடுக்கும். கேபிள் அப்படி அல்ல. நடு ரோட்டில் 'டப்' என்று அறும். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொள்ளும். கியரில் இருக்கும் வண்டியை விடுவிக்க வழியில்லை.

ஆனால் அறுவதற்கு முன் கேபிளும் சொல்லத்தான் செய்யும். பெடல் முன்னைவிடக் கனமாகும். விட்டால் மெதுவாகத் திரும்பி வரும். மிதிக்கும்போது 'நெற நெற' என்று கால் விரலில் தெரியும். டார்ச் விளக்கை அடித்து, பெடலில் கேபிள் மாட்டும் முனையையும் நெம்புகோல் முனையையும் பாருங்கள். முறுக்கிய கம்பியில் ஒன்றிரண்டு இழை பிரிந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். கேபிளின் விலை செட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கியர் பாக்ஸை இறக்கவும் வேண்டாம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு புதுக் கேபிளை டிக்கியிலேயே போட்டு வைப்பார்கள். புத்திசாலித்தனம்!

எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். பல கேபிள்களில் உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் இறுகும். இறுகிப்போன கேபிளை மாற்றுவதே நல்லது.

ஓட்டும்போது அறுந்துவிட்டால் பிரேக்கை மிதியுங்கள். எஞ்சின் குலுங்கி அணையும். அணையட்டும். நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, நியூட்ரலுக்குத் தள்ளி, ஆட்களை அழைத்து வண்டியை ஓரம் கட்டுங்கள். பழைய டிரைவர்கள் சிலர் முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டரை அடித்துக் கிளட்ச் இல்லாமலே ஓட்டுவார்கள். கூட்டமான ரோட்டில் வேண்டவே வேண்டாம். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தால் யார் பதில் சொல்வது?

காலின் குற்றம்

அடுகோடி, ஓசூர் ரோட்டின் மேல் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்றும் 'மைக்கோ' என்று சொல்லும் வளாகம் இங்கேதான். 2008இல் அந்தக் கம்பெனி பாஷ் என்று பெயர் மாறியது. கார், லாரி எஞ்சின்களுக்கு உதிரிபாகம் செய்து புகழ்பெற்ற இடம். அதன் வாசலில் உள்ள ரோட்டிலேயே வண்டிகள் நத்தையாக ஊர்கின்றன. இதே ரோட்டில் மடிவாளா தாண்டினால் சில்க் போர்டு சந்திப்பு. அங்கே நிற்காமல் போனேன் என்று சொல்பவரைக் காண்பது அரிது. டாம்டாம் என்ற நிறுவனம் உலக நகரங்களின் நெரிசலைக் கணக்கிடுகிறது. 2022ஆம் ஆண்டில் பெங்களூரின் நடுப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம் ஆனது என்று அது சொன்னது. லண்டனுக்கு அடுத்த இடம்!

இப்படிப்பட்ட ரோட்டில் கிளட்ச் பெடலை எத்தனை முறை மிதிக்கிறோம்? எண்ண முடியாது. ஒரே மாதிரி இரண்டு கார். ஒன்றில் பிளேட் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும். இன்னொன்றில் 30,000கூட வராது. கார் மேல் குற்றம் இல்லை. காலின் குற்றம்.

பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது முதல் கெட்ட பழக்கம். 'சும்மாதான் வைத்திருக்கிறேன், அமுக்கவில்லை' என்பார்கள். செருப்புக் காலின் பாரமே போதும், இடைவெளி போய்விடும். பேரிங் சுற்றத் தொடங்கும். கியர் மாற்றியதும் காலை எடுத்துத் தரையில் வைக்க வேண்டும்.

மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் போகாமல் இருக்கப் பாதி கிளட்சில் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. அந்தச் சில நிமிடத்தில் தேய்வது பல நாள் ஓட்டத்தில் தேய்வதற்குச் சமம். ஹேண்ட் பிரேக் இருப்பது எதற்கு? அதை இழுத்து நிறுத்துங்கள். கிளம்பும்போது விடுங்கள். பழைய காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை என்றால் அதையும் சரி செய்ய வேண்டும்.

சிக்னலில் கியர் போட்டு, பெடலை மிதித்துக்கொண்டே காத்திருக்க வேண்டாம். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டே போகாமல் கொஞ்சம் இடம் விட்டு, முதல் கியரில் முழுதாகக் காலை எடுத்து ஓட்டுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். அவர் உங்கள் பில்லைக் கட்டப் போவதில்லை.

கியர் பாக்ஸை இறக்கும்போது

நம் இட்லிக் குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் வண்டியை அங்கே விடவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போனார்கள். அவர் வயதானவர். பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். இடைவெளி இல்லவே இல்லை. நட்டைத் தளர்த்தினார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வழுக்கல் நின்றிருந்தது.

"இப்போதைக்கு ஓடும்மா. ஆனா பிளேட் பாதிக்கு மேல தேஞ்சு போச்சு. இப்படியே கவனமா ஓட்டினா கொஞ்ச மாசம் வரும். அதுக்குள்ள காசு சேத்துக்கோங்க."

அவர் பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. எரிந்த லைனிங் திரும்பி வளராது. ஆனால் திடீரென்று இரண்டு நாள் வியாபாரத்தை இழப்பது வேறு. நாள் பார்த்து, பணம் சேர்த்து, விடுமுறை நாளில் வண்டியை விடுவது வேறு.

மாற்றும் நாள் வரும்போது 'செட்' என்பதில் என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். இந்த மூன்றும்தான் செட். பிளேட் மட்டும் தேய்ந்திருக்கிறது, மற்ற இரண்டையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரியது. பழைய பேரிங்கை விட்டுவைத்து, அது ஆறு மாதத்தில் கத்தினால் மறுபடி அதே கூலி. ஆகவே வயதான காரில் மூன்றையும் சேர்த்து மாற்றுவது சரியே. இதில் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இறக்கிய அன்று நேரில் போய்ப் பாருங்கள். பிளேட்டில் ரிவிட் தலைகள் குழிக்குள் இருக்கும். லைனிங் தேயத் தேயக் குழி ஆழம் குறையும். அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் பிளேட்டின் காலம் முடிந்தது. ரிவிட் இரும்பில் உரசினால் பிளைவீலில் கோடு விழும். பிளைவீல் முகத்தையும் பாருங்கள். நீல நிறத் திட்டு இருந்தால் அளவுக்கு மேல் சூடேறியிருக்கிறது. லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டியிருக்கலாம். எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் கேளுங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெயில் நனைந்து வீணாகும்.

உதிரிபாகம் வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போகிறவர்கள் பழைய பிளேட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அளவும் நடுவில் உள்ள பல்லும் பொருந்த வேண்டும். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எந்தக் காருக்கு என்று இருக்கிறதா? விலை அச்சிட்டிருக்கிறதா? முத்திரை கிழியாமல் இருக்கிறதா? பெட்டி ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர் என்றால் வாங்க வேண்டாம். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

ஊதாதீர்கள்!

கடைசியாக ஒன்று. இது பணத்தைப் பற்றியது அல்ல.

கியர் பாக்ஸை இறக்கியதும் உள்ளே கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். அது தேய்ந்துபோன லைனிங்கின் பொடி. பல கடைகளில் காற்றுக் குழாயை வைத்து 'புஸ்' என்று ஊதுவார்கள். அல்லது வாயால் ஊதுவார்கள். கடை முழுவதும் தூசி பறக்கும். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார் சேர்த்திருந்தார்கள். கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இருக்கும் அதே பொருள். சூடு தாங்கும் என்பதால் சேர்த்தார்கள். அதன் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும். 20, 30 ஆண்டுகள் கழித்துக்கூட மூச்சுத் திணறலும் புற்றுநோயும் வரலாம். இன்று கல்நார் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் பழைய காரில் என்றோ யாரோ போட்ட பிளேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

ஆகவே ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். மூக்கையும் வாயையும் மூட வேண்டும். கை கழுவாமல் டீ குடிக்கக் கூடாது. அந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மெக்கானிக் கடையில் சின்னப் பையன் ஒருவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறானா? 14 வயதுக்கு உட்பட்டவர்களை இப்படி வேலைக்கு வைப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். அவன் வளரும் நுரையீரலில் இந்தத் தூசி போகிறது.

வாகனத்தின் அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஜாக்கி நழுவும். இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் படுக்க வேண்டும். செங்கல், கருங்கல் அடுக்குவது கூடாது. செங்கல் எந்த நொடியில் உடையும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் குடும்பத்துக்கு ஐந்து மாதம் கழித்துச் செட் மாற்றும் நாள் வந்தது. அந்த அம்மாவே போயிருந்தார். மெக்கானிக் பில்லை நீட்டினார். அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கிளட்ச் பிளேட் 1. பிரஷர் பிளேட் 1. ரிலீஸ் பேரிங் 1. ஆயில் சீல் 1. கூலி.

"பழைய சாமான் எங்கண்ணா?"

மெக்கானிக் சிரித்தார். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். ரிவிட் தலைகள் லைனிங்குக்குச் சமமாக வந்திருந்தன. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டார்.

அவர் வீட்டு அடுக்களைச் சுவரில் தினசரி நாள்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதித் தாளில் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருக்கிறார்: பெடல்.